கையில் ஒரு கீரைக்கட்டு

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார்கள்: "எவ்ளோ குளிர்ச்சியா இருக்கு! டவுன் பக்கத்துல இருக்கற மாதிரியே இல்ல." சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே நான்கு வீதிகளும் கோயிலும் பஸ் ஸ்டாண்டும் இரைச்சலுமாக ஊர் இருக்கிறது. தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே வந்தால் அண்ணாமலை நகர். தூங்குமூஞ்சி மரம், வேம்பு, புங்கை, மதில் மேல் சாய்ந்து கிடக்கும் மாமரம். வெயில் காலத்தில்கூட எங்கள் தெருவில் குடையில்லாமல் நடக்கலாம். நானும் இருபத்தைந்து வருஷமாக வந்தவர்களிடம் "ஆமா, குளிர்ச்சிதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்பதும் உண்மை.

1920-இல் அண்ணாமலைச் செட்டியார் இங்கே தொடங்கிய மீனாட்சி கல்லூரிதான் 1929-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதைச் சுற்றி விடுதிகள், ஊழியர் குடியிருப்புகள், பிறகு எங்களைப் போன்றவர்கள் வாடகைக்கு வந்த தெருக்கள். இப்போது தனிப் பேரூராட்சி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெகுகாலம் முன்பே இங்கே ஊர் இருந்தது. தேவாரம் பாடப்பட்ட திருவேட்களம் இதற்குள்தான் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, வாசலில் பேராசிரியர் என்று பலகை மாட்டிய வீடுகள் இருந்தாலும் பழக்கவழக்கம் கிராமத்துடையது. யார் வீட்டில் இன்றைக்கு மீன், யார் வீட்டுப் பெண் எந்த பஸ்ஸில் வந்தாள் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும்.

1999-இல் எனக்கு இங்கே மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா திருப்தியாகச் சொன்னார்: "அமைதியான இடம். படிச்சவங்க இருக்கற இடம். பொம்பளப் புள்ளைக்குப் பாதுகாப்பு." அந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதற்கு வருவேன்.

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகரில். உப்பனாற்றங்கரை, துறைமுகம், மீன் ஏற்றிய வண்டி, விடிய விடிய லாரிச் சத்தம். எங்கள் தெருவில் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒரு முருங்கை இருந்தது. வெயில் நேரே தலையில் இறங்கும். ஆனால் தெருவில் எப்போதும் பெண்கள் இருந்தார்கள். விளக்கு வைத்த பிறகும் சாக்கை விரித்து மீன் விற்பார்கள், விலைக்குச் சண்டை போடுவார்கள், வெற்றிலை மென்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா என்னைக் கடைக்கு அனுப்பியிருக்கிறாள். இருட்டென்ற பயமே எனக்கு வந்ததில்லை, ஏனென்றால் இருட்டிலும் யாராவது ஒரு ஆயா உட்கார்ந்திருப்பாள்.

அண்ணாமலை நகரில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் தெருவில் பெண்கள் இல்லை. ஆண்கள் இருக்கிறார்கள். வாய்க்கால் மதகுக் கட்டையில் நான்கு பேர், டீக்கடை பெஞ்சில் பத்துப் பேர், மரத்தடியில் பைக்கைச் சாய்த்துவிட்டு இரண்டு பேர். பெண்கள் கேட்டுக்கு உள்ளே இருக்கிறோம். கேட்டுக்கு உள்ளே இருந்தபடி வெளியே பார்க்கிறோம்.

எனக்கு வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில். எழுத்தர். (மஞ்சக்குப்பமும் மரங்கள் உள்ள பகுதிதான். வெள்ளைக்காரர் காலத்தில் அதிகாரிகள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட பக்கம். பெரிய மைதானம், அகலமான தெரு. நிழல் எங்கே விழவேண்டும் என்பதை அப்போதும் யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.) தினமும் போக நாற்பத்தைந்து கிலோமீட்டர், வர நாற்பத்தைந்து. பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி முதுநகருக்கு முன்னால் சிப்காட் வரும்போது பஸ்ஸில் எல்லோரும் ஒரே மாதிரி முந்தானையையும் துப்பட்டாவையும் மூக்குக்கு இழுத்துக்கொள்வோம். ஐந்து நிமிஷத்தில் அந்த நெடி போய்விடும். அங்கேயே இறங்குகிற பெண்கள் மூக்கை மூடுவதில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். காலையில் வேப்பங்காற்றில் கிளம்பி அவர்களைக் கடந்து போகிற எனக்கு, என் வீட்டுக் குளிர்ச்சியைப் பற்றிப் பெருமைப்பட அப்போதிலிருந்து கொஞ்சம் கூச்சம்.

2005 மழைக்காலம். ஒரு சாயங்காலம் பஸ் புதுச்சத்திரத்தில் பழுதாகி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும், சிதம்பரத்துக்காரரான ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர், என்னைப் பார்த்து நிறுத்தினார். ஏறிக்கொண்டேன். தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். ஏழு நாற்பது இருக்கும்.

மறுநாள் காலை பால் வாங்கப் போவதற்குள் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. சொன்னதையும் நேராகச் சொல்லவில்லை. "நாலு பேரு நாலு விதமா பேசற ஊரு இது. வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்று காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். என் கணவர் நல்ல மனிதர். அன்றைக்கு அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேலையை விடச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த பஸ், எத்தனை மணி, ஏன் தாமதம் என்று கேட்பதற்கு முன்பே நானே சொல்ல ஆரம்பித்தேன். யாரும் கேட்காதபோதும் சொன்னேன். என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

கீரைக்கட்டு அப்போது ஆரம்பித்ததுதான். அலுவலகத்திலிருந்து வரும் வழியில் ஒரு கட்டு முளைக்கீரையோ அரைக்கீரையோ வாங்கிக் கையில் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கீரை இருந்தால் நான் வீட்டுக்குப் போகிற பெண். கீரை இல்லாவிட்டால் எங்கேயோ போய்விட்டு வருகிறவள். பல நாள் வீட்டில் கீரை இருக்கும்போதே கீரை வாங்கியிருக்கிறேன். வாடிப்போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டிருக்கிறேன். மழைக்குப் பிந்தைய ஒரு சாயங்காலம், மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தபோது, வெறுமனே ஒரு சுற்று நடக்கவேண்டும் போலிருந்தது. அப்போதும் ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டுதான் நடந்தேன்.

மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் 2011-இல் வந்தது. பொது இடத்தில் இருக்க வேண்டுமென்றால் பெண் ஒரு காரியத்தைக் காட்டியாக வேண்டியிருக்கிறது. காரியமே இல்லாமல் சும்மா இருக்கும் உரிமைதான் அவளுக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மும்பைக்கும் எங்கள் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் என் கீரைக்கட்டு அந்த நூலுக்குள் இருந்தது.

இன்னொரு நூலோடு எனக்கு நீண்டகாலச் சண்டை உண்டு. நியூயார்க்கில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதியது. தெருவைப் பாதுகாப்பது போலீஸ் அல்ல, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாதாரண மனிதர்களின் கண்கள்தான் என்றார் அவர். முதுநகர் ஆயாக்களை நினைத்தால் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவிலும் கண்களுக்குப் பஞ்சமில்லையே, பிறகு ஏன் எனக்கு மூச்சு முட்டுகிறது? மறுபடி படித்தபோதுதான் அவர் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பது கண்ணில் பட்டது: நல்ல நகரத் தெருவில் உன்னை எல்லோருக்கும் தெரியும், உன் சமாச்சாரம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, சிற்றூரில் அது நடக்காது. முதுநகர் ஆயா தெருவைப் பார்த்தாள். இங்கே என்னைப் பார்க்கிறார்கள்.

நானும் பார்க்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வீட்டுப் பெண் இரவு எட்டுக்கு மேல் ஆட்டோவில் வந்து இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்து, மணியையும் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை.

மாசி, பங்குனியில் தூங்குமூஞ்சி மரம் இலையைக் கொட்டும். பிறகு காய். காலில் மிதிபட்டால் பிசின் மாதிரி ஒட்டும். தெரு பெருக்க வரும் பேரூராட்சி அக்கா விடியற்காலை ஐந்து மணிக்கே தென்னந்துடைப்பத்தோடு வந்துவிடுவார். பெருக்கிக் கூட்டிக் குவித்த பத்தாவது நிமிஷம் காற்றடித்து மறுபடி தெரு பழையபடி ஆகும். "இந்த மரத்த எவன் வெச்சானோ, அவன் பெருக்கினதில்ல" என்பார். நாங்கள் குளிர்ச்சி என்று சொல்வது அவருக்கு இடுப்பு வலி.

அவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியிலிருந்து இருட்டில் தனியாக நடந்து வருகிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் அப்படித்தான். அவர்கள் எந்த நேரத்தில் வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்று எங்கள் தெரு ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்து நிமிஷம் தாமதமானால் மட்டும் கேட்கும். எனக்கு ஏழு நாற்பதில் ஆபத்தாக இருக்கிற இருட்டு, அவருக்கு நான்கு மணியிலும் வெறும் வழிதான் என்று எல்லோரும் நம்புகிறோம். பாதுகாப்பு என்று எங்களுக்குப் போடப்பட்ட வேலிக்குள் அவர் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. ஒருமுறை அவரிடமே கேட்டேன், பயமாக இல்லையா அக்கா என்று. "நாய்க்குத்தான் பயம்" என்றார். கொஞ்சம் பெருக்கிவிட்டு நிமிர்ந்து, "ராத்திரியில போலீஸு ஜீப்பு வந்தா ஓரமா நின்னுடுவேன்" என்றார்.

இப்போது அப்பா சொன்ன சொல்லுக்கு வருகிறேன்.

1992-இல் எனக்குப் பதினேழு வயது. ப்ளஸ் டூ. அப்பா காலையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு என்னிடம் தராமல் மடித்துப் பரணில் போட ஆரம்பித்தார். மறைத்தால் தேடத்தானே தோன்றும்? ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துப் படித்தேன். அண்ணாமலை நகர் காவல் நிலையம். விசாரணைக்கென்று காவலில் வைக்கப்பட்ட ஓர் ஏழை மனிதர் இறந்துபோனார். அவருடைய மனைவியை அதே காவல் நிலையத்தில் போலீஸ்காரர்கள் கூட்டாக வன்புணர்வு செய்தார்கள். மாதர் சங்கம் அந்தப் பெண்ணோடு நின்றது, தெருவில் இறங்கியது, நீதிமன்றம் போனது. பல வருஷம் கழித்துப் போலீஸ்காரர்கள் சிலருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த வழக்கை இன்றும் தமிழ்நாட்டில் சிதம்பரம் என்ற ஊர்ப்பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அவர் பெயரை நான் எழுதவில்லை. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டதும் அதே 1992-இல்தான்.

பேப்பரைப் பரணில் போட்ட அதே அப்பாதான் ஏழு வருஷம் கழித்து, அதே அண்ணாமலை நகரை, பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் என்று சொல்லி என்னை அனுப்பினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது வேறு மாதிரிப் பெண்ணுக்கு நடந்த விஷயம். அவர் மகள் படித்தவள், மதில் சுவர் வைத்த வீட்டுக்கு மருமகளாகப் போகிறவள். நான்கூட இங்கே வந்து முதல் சில வருஷம் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஊர்ப்பெயர் ஒன்றுதான் என்று தெரியும். ஆனால் இந்த நிழலும் அந்தச் செய்தியும் ஒரே இடம் என்று மனதில் ஒட்டவில்லை.

மோட்டார் சைக்கிள் விவகாரத்துக்குப் பிறகுதான் ஒட்டியது. என்னை யார் கொண்டுவந்து இறக்கினார் என்று இருட்டில் கண்டுபிடிக்க முடிந்த ஊருக்கு, அந்த நாட்களில் எதுவுமே தெரியாமலா போனது? எங்களுக்கு எதிர்வீட்டு அம்மா 1988-லிருந்து இங்கே இருப்பவர். தெருவின் சரித்திரமே அவரிடம் இருக்கிறது. எந்த வீட்டில் எந்த வருஷம் கிணறு மூடினார்கள் என்பதுகூடத் தெரியும். ஒருநாள் பூ தொடுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்போ. எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா" என்றார். நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கரையைக் கடந்தபோது நான் குழந்தையோடு முதுநகரில் அம்மா வீட்டில் இருந்தேன். கடலூரில் மின்கம்பங்களும் மரங்களும் விழுந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரியெல்லாம் சாய்ந்துவிட்டதாகச் சொல்லிச் சொல்லி ஜனங்கள் அழுதார்கள். நாள்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்களாக அடிபம்புக்கு நடந்தோம். விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து வரிசைக்குக் காத்திருந்தோம். பேரழிவில் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் ஒரு மரத்தில் ராத்திரியில் சும்மா உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அப்போது மட்டும்தான், அதுவும் அது விழுந்த பிறகு. அப்போதும் கையில் குடம் இருந்தது.

மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த மாடி வீடு. மரமென்று ஒன்றுமில்லை, மொட்டை மாடியில் கால் வைத்தால் சுடும். ராத்திரி பதினொன்றுக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லை என்கிறாள். "யாரும் கேக்கலன்னா ஏதாவது ஆனாலும் கேக்க மாட்டாங்களே" என்று என் வாயிலிருந்து வந்தது. "உங்க ஊர்ல கேட்டாங்களா?" என்றாள். அவளுக்கு 1992-ஐப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. அவள் ஏதோ பொதுவாகத்தான் கேட்டாள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டு முடித்து ஒன்பதரை மணிக்கு, "வாம்மா, நடந்துட்டு வரலாம்" என்றாள். பையைத் தேடினேன். பழக்கம். "எதுக்கு பை? கடையா போறோம்?" என்று பிடுங்கி நாற்காலியில் போட்டாள். கேட்டைத் திறந்தபோது எதிர்வீட்டு அம்மா அவர் வாசலில் நின்றிருந்தார்.

"எங்க, இந்நேரத்துல?"

"சும்மா பாட்டி."

அவர் மேலே கேட்கவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது முதுகில் தெரிந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, நாங்கள் கடந்த பிறகு தொடர்ந்தார்கள். கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மகள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். நடுவில் அந்தக் கதையைச் சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறியதிலிருந்து சொன்னேன். அதன்பிறகு அவள் பேசவில்லை. காவல் நிலையம் வரைக்கும் போய், எதிரே ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே டியூப்லைட் எரிந்தது. ஒரு பெண் போலீஸ் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி நடந்தோம்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா கொத்தமல்லி கேட்டு வந்தார். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"நேத்து எதுவரைக்கும் போனீங்க?"

"ஸ்டேஷன் வரைக்கும் பாட்டி."

"ரயில் ஸ்டேஷனா?"

"இல்ல."

அவர் கொத்தமல்லியிலிருந்த பழுத்த இலையைக் கிள்ளிக் கீழே போட்டார். இன்னொன்றையும் கிள்ளினார். பிறகு திண்ணையில் உட்கார்ந்தார். வழக்கமாக அவர் எங்கள் வீட்டில் உட்காருவதில்லை.

"அப்ப எம் பொண்ணு கைக்குழந்தை" என்று ஆரம்பித்தார்.